வண்டியின் குற்றமா, ஓட்டியவர் குற்றமா?



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், சரித்திரப் பாடப் புத்தகங்களில் இடம்பெறாத ஒரு சரித்திரம். மோட்டார் சைக்கிள் உற்பத்தி செய்யும் கம்பெனி ஒன்று, தான் விற்றுப் பணமும் பெற்றுக்கொண்ட வண்டிகளை, "அவற்றில் குறை இருக்கிறது; கொண்டுவாருங்கள்; செலவில்லாமல் சரிசெய்து தருகிறோம்" என்று கூப்பிடுவதைப் பற்றிப் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். 'ரீகால்' என்று பலரும் வழங்கும் இதனை நாம் 'திரும்ப அழைத்தல்' என்றே சொல்லிக்கொள்வோம். விற்ற சரக்கைத் தானாகவே திரும்பக் கூப்பிட எந்த வியாபாரியும் ஆசைப்படமாட்டான். அப்படியிருக்க இந்த வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, யார் கேட்டுத் தோன்றிற்று, கேட்டவர்களுக்கு என்ன மறுமொழி கிடைத்தது என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

மோட்டார் சைக்கிளுக்கு வயது நூற்று நாற்பது ஆகிறது. 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில், கான்ஸ்டாட் என்னும் ஊரில், காட்லீப் டைம்லர் என்பவரும் வில்ஹெல்ம் மேபாக் என்பவரும் மரச்சட்டம் ஒன்றில் பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். முன்னும் பின்னும் இரண்டு பெரிய சக்கரங்கள். சாய்ந்து விழாமல் தாங்குவதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சக்கரங்கள். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் டைம்லரின் மகன் பவுல் அதில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனபோது, இருக்கைக்கு நேர் கீழே வைக்கப்பட்டிருந்த இயந்திரத்தின் சூட்டினால் இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்று சொல்வார்கள். உலகத்தின் முதல் மோட்டார் சைக்கிளோடு முதற்குறையும் உடன்பிறந்தது. அதற்காகப் பவுலின் ஓட்டும் திறமையை யாரும் பழிக்கவில்லை. செய்தவரும் ஓட்டியவரும் ஒரே வீட்டார். இருக்கையின் அடியில் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

பிற்பாடு இந்த நிலை மாறிவிட்டது. தொழிற்சாலை ஓரிடம், விற்பனையாளர் ஓரிடம், ஓட்டுபவர் வேறோரிடம் என்று ஆனபின், விபத்து நேரும்போது கண்ணெதிரே இருப்பவர் ஓட்டியவர் ஒருவரே. வண்டியை வடிவமைத்தவர் அங்கே இல்லை. ஆகவே சட்டங்களும் ஓட்டுபவரை நோக்கியே வகுக்கப்பட்டன: அவருக்கு உரிமம் வேண்டும், அவர் வேகம் குறைக்க வேண்டும், அவர் மது அருந்தக் கூடாது. இவை யாவும் நல்ல சட்டங்களே. ஆனால் எண்பது ஆண்டுக் காலம் உலகம் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. வண்டியின் மேல் குற்றம் சொன்னவர் எவராயினும் அவருக்கு இந்தப் பழமொழியே பதிலாகக் கிடைத்தது. கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கிறதா என்று நூல் பிடித்து அளந்தவர்கள் மிகச் சிலர்.

அறிஞர்களின் கருணையும் முதலில் ஓட்டுபவரின் தலையைக் காப்பதில்தான் சென்றது. 1935-ஆம் ஆண்டில் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டுத் தலையில் அடிபட்டு மாண்டார். அவரைக் கவனித்த வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவத்தில் கடிதம் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலர் தலைக்காயத்தால் இறப்பதைக் கண்ட அவர், 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இராணுவம் அவ்வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. இன்று நீங்கள் அணியும் ஹெல்மெட்டின் பின்னால் இருப்பது இந்த வரலாறு. அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசலாம். இப்போது கவனிக்க வேண்டியது இவ்வளவே: விழும்போது தலையைக் காக்க வழி தேடினார்கள், ஏன் விழுந்தார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இறப்புகளின் காரணம் குறிக்கும் பகுதியில், நூற்றுக்கு 71 பங்குக்கு மேல் அதிவேகம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காரணத்தை எழுதுபவர் பெரும்பாலும் சம்பவ இடத்துக்குப் பின்னால் வந்து சேரும் காவல் அலுவலர். நசுங்கிக் கிடக்கும் வண்டியின் பிரேக் குழாயைக் கழற்றிப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை. வேகம் என்று எழுதுவது எளிது. பல சமயம் அது உண்மையும் ஆகும்.

இங்கே எனக்குத் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 1990-களில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஓவிய ஆசிரியர் புது மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். நான்கு மாதத்தில் அதன் ஆக்ஸிலரேட்டர், திருகிய இடத்திலேயே நின்றுவிடத் தொடங்கியது. கையை விட்டாலும் வேகம் தணியாது. ஒருநாள் வாய்க்கால் பாலத்தின் திருப்பத்தில் அப்படி நின்றுவிட, அவர் வயலுக்குள் பாய்ந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். விற்பனை நிலையத்தார் வேலைச் சீட்டில் 'ஓட்டும் முறையால் நேர்ந்தது' என்று எழிதிக்கொடுத்தனர். அந்த மனிதர் சைக்கிளைக்கூட மணியடித்துக்கொண்டே ஓட்டுபவர்! அவ்வாண்டு பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனபோதுதான் செய்தி வெளிப்பட்டது. மதிய உணவின்போது தம் கையைக் காட்டிக் கதையைச் சொன்னார். எதிரே அமர்ந்திருந்த வேறு இரண்டு ஊர் ஆசிரியர்கள், "எங்கள் வண்டியும் அதே மாதிரிதான், ஐயா" என்றனர். மூவர் வண்டியும் ஒரே வகை, ஏறத்தாழ ஒரே மாதத்தில் வாங்கியவை. மூவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினார்கள். மூன்று வண்டிகளுக்கும் கேபிளை மாற்றிக் கொடுத்தார்கள். எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை. அந்த மாதத்தில் அதே கேபிளோடு எத்தனை வண்டிகள் வெளியே போயின, அவற்றை வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

தனித்தனியே இருந்தவரை அவர்கள் மூன்று கவனக்குறைவான ஓட்டுநர்கள். ஒரு மேசையில் அமர்ந்தபின் அது ஒரு வண்டியின் குறை. இப்படிப்பட்ட கடிதத்துக்குச் சட்டத்தின் துணை இருந்த நாடு ஒன்று அக்காலத்திலேயே இருந்தது. அதன் கதைக்கு வருகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1965-ஆம் ஆண்டு நவம்பரில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த வேகத்திலும் ஆபத்தானவை என்பது அதன் தலைப்பின் பொருள். விபத்துக்கு ஓட்டுநர்களை மட்டும் பழிப்பது போதாது, வண்டியை வடிவமைத்தவர்களையும் விசாரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். முதல் அத்தியாயத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்வேர் என்னும் காரைக் குறிப்பிட்டுத் தாக்கினார். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? காரை ஆராய்வதை விட்டு, புத்தகம் எழுதியவரை ஆராயத் தலைப்பட்டது. அவருடைய சொந்த வாழ்க்கையைத் துருவித் துப்பறிய ஆள் அமர்த்தியது. அது வெளிப்பட்டதும், 1966 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் சபையின் குழு ஒன்றின் முன் வந்து மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. நாடு முழுதும் அதைப் பார்த்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். (இன்னொரு செய்தியையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1972-இல் அமெரிக்க அரசாங்கமே அந்தக் கார்வேர் காரைச் சோதித்து, அது அக்காலத்துப் பிற கார்களைவிட மோசமானதன்று என்று அறிவித்தது. நேடர் எடுத்துக்காட்டிய கார் பற்றிச் சர்ச்சை உண்டு; அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.)

அந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களோடு மோட்டார் சைக்கிள்களுக்கும் பொருந்தியது. பாதுகாப்பைப் பாதிக்கும் குறை தெரியவந்தால் கம்பெனி, வண்டியை முதலில் வாங்கியவருக்குப் பதிவுத் தபால் போன்ற சான்றுள்ள அஞ்சலில் அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. அறிவித்தால் போதும்! செலவில்லாமல் பழுது பார்த்துத் தர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 'உங்கள் வண்டியில் ஆபத்தான குறை இருக்கிறது' என்ற கடிதம் ஒரு ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்கு வந்தால், அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இந்தக் கேள்வி எட்டு ஆண்டு எழுப்பப்பட்ட பிறகு, 1974-இல் சட்டம் திருத்தப்பட்டது. குறையைக் கம்பெனி தன் செலவிலேயே நீக்க வேண்டும் என்றது புதுச் சட்டம். அத்துடன் வேறொரு பிரிவும் சேர்ந்தது. சம்பந்தப்பட்ட எவரும், ஒரு வகை வண்டியில் குறை இருக்கிறதென்று விசாரிக்கும்படி அரசாங்கத்துக்கு மனுச் செய்யலாம். 120 நாளுக்குள் அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். மறுத்தால் அதன் காரணத்தை அரசிதழில் வெளியிட வேண்டும்.

இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். வெற்றி கிடைக்கும் என்று அது வாக்களிக்கவில்லை. ஆனால் பதில் வராத கடிதம் என்ற ஒன்று இனி இல்லை என்று ஆக்கியது. எங்கள் ஓவிய ஆசிரியருக்குக் கிட்டாதது அதுதான்.

அதே ஆண்டிலிருந்து அமெரிக்கா மோட்டார் சைக்கிளுக்கென்று தனி விதிகளையும் நடைமுறைப்படுத்தியது. பிரேக்குக்கு ஒரு விதி. கை கால்களால் இயக்கும் கருவிகளுக்கு ஒரு விதி. அதுவரை பிரிட்டிஷ் வண்டிகளில் பலவற்றுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஜப்பானிய வண்டிகளுக்கு அதற்கு நேர்மாறு. ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் ஏறினால், ஆபத்து வேளையில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். தனித்தனியே பார்த்தால் எந்த வண்டியிலும் பிழையில்லை; இரண்டும் ஒரே சாலையில் ஓடுவதே பிழை. இனி கியர் இடது காலிலும் பிரேக் வலது காலிலும்தான் என்று விதி வந்ததும், ட்ரையம்ப், நார்ட்டன் போன்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனிகள் தங்கள் பெட்டிகளையும் தண்டுகளையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நம் ஊர் புல்லட்டில் வலது கால் கியர் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை வந்துகொண்டிருந்தது என்பதை உங்கள் தந்தையாரைக் கேட்டால் சொல்வார். அதைப் பற்றி அவருக்குப் பெருமையும் இருக்கும். அதே அமெரிக்க விதியில், வண்டி முன்னே நகரும்போது ஸ்டாண்டு தரையில் தட்டினால் அது தானே பின்புறம் மடிந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. நம் சாலைகளில் முன்பின் அறியாதவர்கூட, "சார், ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கூவிக்கொண்டு துரத்தி வருவாரே, அந்த நல்ல மனிதர் செய்யும் வேலையை அங்கே சட்டம் ஒரு கீலுக்குக் கொடுத்துவிட்டது.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஆசிரியன் அல்லேன். 1981-ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர் மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 900 விபத்துகளை, நடந்த இடத்துக்கே சென்று அவர் குழு ஆராய்ந்தது; மேலும் 3,600 காவல்துறை அறிக்கைகளைப் படித்தது. வண்டியின் கோளாறு காரணமாக நேர்ந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சரானதால் நேர்ந்தவை என்று கண்டார்கள். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடத் தவறியதால் வந்தவை.

அப்படியானால் திரும்ப அழைத்தல் என்னும் இந்த ஆரவாரம் எதற்கு என்று ஒரு மாணவர் கேட்கலாம்; கேட்க வேண்டும். என் மறுமொழி இது. வேகத்தால் வரும் விபத்தை ஓட்டுபவர் தம் நிதானத்தால் தவிர்க்கலாம். உடைந்துபோகும் இரும்பை எந்த நிதானமும் தடுக்காது. மேலும் ஒருவரின் கவனக்குறைவு அவரோடு நிற்கிறது. ஒரு வார்ப்படத்தின் குறை அதில் வார்த்த எல்லா வண்டிகளிலும் இருக்கிறது. அதை ஓரிடத்தில் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் ஒரே ஆணையில் திருத்திவிடலாம். நூற்றுக்கு மூன்று என்றாலும், அந்த மூன்றைக் குறைப்பதே எல்லாவற்றிலும் எளிதான வேலை.

ஆனால் எது வண்டியின் குறை, எது ஓட்டுபவரின் குறை என்று பிரிப்பது எப்போதும் சுலபமாக இருப்பதில்லை. இதற்கு ஹார்லி டேவிட்சன் வழக்கைப்போல் நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. 2008 முதல் 2011 வரையிலான மாதிரிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் பொருத்தப்பட்ட பெரிய வண்டிகள் அவை. சிலர் பிரேக் நெம்புகோலை அழுத்தியபோது அது கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. பிரேக் பிடிக்கவே இல்லை. முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் இல்லை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு இப்படி 43 புகார்கள் சேர்ந்தன. அவற்றில் மூன்று விபத்துகள், இரண்டு பேருக்குக் காயம். 2016 ஜூலையில் அத்துறை விசாரணையைத் தொடங்கியது. லட்சக்கணக்கான வண்டிகளுக்கிடையே 43 பேர்! பள்ளியில் ஒரு வகுப்பு மாணவர்களின் எண்ணிக்கை.

காரணம் இவ்வாறு கண்டறியப்பட்டது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. பழைய திரவத்தை மாற்றாமல் விட்டால், ஏ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் மிகச் சிறிய வால்வுகளில் படிவு சேர்கிறது. வால்வு சரியாக மூடாவிட்டால் கையின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் திரவத்தை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு கொடுத்த கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. பல சொந்தக்காரர்கள் மாற்றவில்லை.

யார் குற்றம் இது? கையேட்டைப் படிக்காதவர் மேல் குற்றம் சொல்லத் தோன்றுகிறது. நாற்பது ஆண்டு மாணவர்களிடம் 'வினாவை முழுதும் படி' என்று சொல்லி வந்த எனக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. எனினும் வேறொன்றை எண்ணிப் பார்க்கிறேன். எண்ணெய் மாற்றாவிட்டால் இயந்திரம் முனகும், புகையும், சூடேறும், சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். இங்கே நேற்றுவரை நன்றாகப் பிடித்த பிரேக் இன்று பிடிக்கவில்லை. மறதிக்குத் தண்டனை உயிர் என்றால், அந்த மறதி நேரும் என்று முன்பே எண்ணிப் பார்க்க வேண்டியவர் வடிவமைப்பாளர்தான். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் 1,74,636 வண்டிகளையும், உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 2,51,000 வண்டிகளையும் கம்பெனி திரும்ப அழைத்தது. செய்த பரிகாரம் என்ன? பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை நிரப்பியது! கையேடு சொன்ன அதே வேலையைக் கம்பெனி தன் செலவில் செய்தது. அதற்கு ஏறத்தாழ 2 கோடியே 94 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்கிட்டிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950-களின் நடுவில் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி புல்லட் மோட்டார் சைக்கிள்களை இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டத் தொடங்கியது. அன்று முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கும்படி கட்டளையிடும் அதிகாரம் நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை; 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் முதலில் இல்லை. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவர் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு பெற முடிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு அவர் ஒருவருக்கே. அதே வண்டியை வாங்கிய பக்கத்து ஊர்க்காரருக்கு அது எட்டவில்லை. 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாகவே ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டது. விருப்பமுள்ளவர் பின்பற்றலாம் என்ற அளவில் அது நின்றது.

2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. ஒரு வகை வண்டியின் குறையினால் சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, உடன் வருபவருக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு நேரக்கூடுமானால், அவ்வகை வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு ஆணையிடலாம். அக்குறை அரசுக்குத் தெரியவரும் வழிகளுள் முதலாவதாகச் சட்டம் குறிப்பிடுவது எதை? சொந்தக்காரர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினர் தரும் புகாரை. சோதனை நிறுவனங்கள் அதற்கு அடுத்தே வருகின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. எத்தனை பேர் புகார் செய்ய வேண்டும் என்பது அவ்வண்டியின் ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. புகாரை 'வாகன்' என்னும் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். கட்டாயப்படுத்தித் திரும்ப அழைக்க நேர்ந்தால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

விதிகள் வந்த அடுத்த மாதமே, 2021 மே மாதத்தில், ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் தானாகவே திரும்ப அழைத்தது. பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலில் குறை. வண்டி திணறலாம், அரிதாக மின்கசிவும் நேரலாம் என்று கம்பெனி அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மறுபடியும் 26,300 கிளாசிக் வண்டிகள். இந்த முறை பின்சக்கரப் பிரேக்கின் விசையைத் தாங்கும் ஒரு சிறு இரும்புத் தாங்கி, மிகக் கடுமையாகப் பிரேக் பிடித்தால் சேதமடையக்கூடும் என்பது காரணம். இவற்றைப் படித்துச் சிலர், "பார்த்தீர்களா, நம் ஊர் வண்டியின் லட்சணம்!" என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. தன் பிழையைத் தானே சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டும் மாணவனை நான் தண்டித்ததில்லை.

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றத் தொடங்கின. அவ்வாண்டு மார்ச் இறுதியில் வேலூரில், வீட்டில் மின்னேற்றம் செய்துகொண்டிருந்த மின்சார வண்டி இரவில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். மின்னேற்றிய முறையில் தவறு என்ற விளக்கம் உடனே எழுந்தது. அந்தப் பழைய பழமொழியின் புதுப் பதிப்பு. அடுத்த மாதம் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஆராய வல்லுநர் குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும், அலட்சியம் கண்டால் அபராதம் விதித்து வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடப்படும் என்றும் அறிவித்தார். அந்த ஏப்ரலிலேயே ஒக்கினாவா 3,215 வண்டிகளையும், ப்யூர் ஈ.வி. 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன.

மறு ஆண்டு நடந்தது வேறு விதம். ஓலா ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கை முறிந்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் சிலர் படங்களை வெளியிட்டனர். திரும்ப அழைக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2023 மார்ச்சில் அக்கம்பெனி, அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்லிக்கொண்டே, விரும்புவோருக்குப் புது வடிவ ஃபோர்க்கைக் கட்டணமின்றிப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. இது திரும்ப அழைத்தல் அன்று, மேம்படுத்தல் என்றும் விளக்கம் கூறியது. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். திரும்ப அழைத்தல் என்றால் கம்பெனி ஒவ்வொரு சொந்தக்காரரையும் தேடிப் போக வேண்டும். மேம்படுத்தல் என்றால், செய்தியைப் படித்தவர் மட்டும் வருவார்.

தேடிப் போவதும் நம் நாட்டில் எளிதன்று. கம்பெனியின் ஏட்டில் இருப்பது முதலில் வாங்கியவரின் பெயரும் வண்டியின் சேஸிஸ் எண்ணும். இங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நான்கைந்து ஆண்டில் இரண்டு மூன்று கை மாறுகிறது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமலே பலர் ஓட்டுகிறார்கள். கம்பெனியின் அழைப்பு, வண்டியை எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன ஒருவரின் பழைய கைப்பேசி எண்ணுக்குப் போய்ச் சேரும். மேலும் 2021-ஆம் ஆண்டு விதி, உற்பத்தியான நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். விடியற்காலையில் எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருபவரின் மொபெட்டுக்குப் பதினோரு வயது. அதை அவர் மூன்றாம் கையாக வாங்கினார். இரண்டு பக்கமும் கேன்களோடு, முன்பிரேக் கம்பியைத் தாமே முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்.